கை மட்டும் தெரிகிற வீடியோ

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேராக ரூபன் வீட்டுக்குப் போனேன். பெரம்பூரில் அவன் வீட்டு மாடி அறையைக் கிட்டார்களுக்கான ஆஸ்பத்திரி என்றே சொல்லலாம். கழுத்து விரிசல் விட்டவை, வயிறு உப்பியவை, என்ன செய்தாலும் வாய் திறக்காத ஆம்ப்ளிஃபையர்கள். பழையதாக வாங்குவான், சரிசெய்வான், விற்பான். வாங்குகிறவர்களும் வாசிக்கிறவர்கள்தான்: கச்சேரிக் குழுக்காரர்கள், தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர்கள். இதற்கென்றே ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விற்கிற பொருளைப் படம் எடுத்துப் போட்டால் மட்டும் அங்கே போதாது, அதை வாசித்துக் காட்டும் வீடியோவும் போட வேண்டும். அது வழக்கம்.

ரூபன் கிட்டார் நன்றாக வாசிப்பான். பாஸ், அதாவது தடித்த கம்பிகளில் கீழ்ச் சுரங்களை வாசிக்கிற கிட்டார், அவனுக்கு வராது. அதனால் பாஸ் வீடியோக்களுக்கு, சபையில் பாஸ் வாசிக்கிற நான். ஒன்றரை வருடமாக இப்படித்தான். கழுத்துக்குக் கீழே மட்டும் படத்தில் வரும். அவனுடைய கறுப்பு முழுக்கைச் சட்டையைப் போட்டு, அவன் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வேன். என் கைகள் பெரியவை. வளையல் கடையில் அம்மா என் அளவைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அந்தக் கைகள் ரூபனுக்கு வசதியாகப் போயின.

அம்மா பார்த்தால் என்ன சொல்வாளோ என்று, முகம் வேண்டாம் என முதலில் சொன்னவள் நான்தான். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன், பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு. இதுவரை அங்கே ஒரு வார்த்தை எழுதியதில்லை.

இன்றைய வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்: "தலைவா, விரல் பேசுது." ரூபன் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தான். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சட்டையைத் துவைத்துத் தருவதாக எடுத்து வந்திருக்கிறேன். ஈயம் உருக்கிய புகை வாசனை. நாளை துவைக்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

பகல் முழுவதும் எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தேன். கரிசல் மண்ணைப் பற்றி எழுதியவர் கரிசல் மண்ணை மிதித்தே இருக்க மாட்டார். அவ்வளவு வறட்சியான நடை.

நாலு மணிக்கு ரூபன் போன். "உடனே வா. எதுக்குன்னு கேக்காத."

போனேன். மேஜை மேல் ஒரு பாஸ். ராயபுரத்தில் யாரோ கனடாவுக்குக் குடிபோகிறார்களாம், வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது. ஃப்ரெட் இல்லாத பாஸ். சாதாரண பாஸின் கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கும், அவைதான் ஃப்ரெட். விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சுரத்தை அவை பார்த்துக்கொள்ளும். இதில் பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகள் மட்டும். விரல் தானாகப் போய்ச் சரியான இடத்தில் நிற்க வேண்டும், வயலினைப் போல. நின்றுவிட்டால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல் வழுக்கிப் போகலாம். இப்படி ஒன்றைத் தொட வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து ஆசை.

தொட்டேன்.

"கண்ணு அப்படியே நிக்குது பாரு உனக்கு," என்றான் ரூபன். "இது உனக்குத்தான்டி. எப்ப காசு குடுக்க முடியுமோ அப்ப எடுத்துக்க. அது வரைக்கும் இந்த ரூம விட்டு எங்கயும் போவாது."

"நிஜமா?"

"பைபிள் எடுத்துனு வரவா?"

அவன் அம்மா காபி கொண்டுவந்தார். "ஏம்மா, ஞாயித்துக்கிழமயான இவன்கூட மரமும் ஒயருமா ஒக்காந்துனு இருக்கியே. இப்ப புதன்கிழமயும் ஆரம்பிச்சிட்டியா? வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க?"

இதற்கு ரூபன் என்ன சொல்வான் என்று பார்த்தேன். அவன் தரையில் குனிந்து ஸ்க்ரூ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

ரூபன் நண்பன். அவ்வளவுதான். இதை இங்கே எழுத வேண்டிய தேவைகூட இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

அந்தப் பாஸை இரண்டு மணி நேரம் வாசித்தேன். முதல் அரை மணி நேரம் எல்லாம் அபசுரம். சாதாரண பாஸில் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். விரல் அந்தப் பழக்கத்திலேயே போகிறது. இதில் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் இறங்கி, சோர்ந்து, உடம்பு சரியில்லாதது மாதிரி ஒலிக்கும். பழக்கத்தை மறக்க வேண்டியிருந்தது. மறந்ததும் அது அழுதது. வேறு சொல் கிடைக்கவில்லை. கீழ் சுரத்திலிருந்து மேலே ஏறி, அங்கே நிற்க மனமில்லாமல் நடுங்கி நடுங்கி அடங்கியது. நானே போட்ட ஒரு மெதுவான வரி அது. அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ரூபன் போனைத் தூக்கினான். "சும்மா எடுத்து வைக்கிறேன். ஞாபகத்துக்கு."

சட்டை மறுபடி தேவைப்பட்டது. திருப்பித் தரலாம் என்று பையில் கொண்டுபோயிருந்தேன், இன்னும் துவைக்காததை அப்படியே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

ஞாபகத்துக்கு எடுத்தது குழுவில் இருக்கிறது. "விற்பனைக்கு இல்லை, கேட்டு ரசிக்க மட்டும்" என்று போட்டிருக்கிறான். நூறு பேருக்கு மேல் ரசித்துவிட்டார்கள். லாசர் என்பவர், பெரிய கச்சேரிக் குழு வைத்திருப்பவர், ரூபனைக் கூப்பிட்டு மலேசியாப் பயணத்துக்குக் கிட்டார் வாசிக்க வரச் சொல்லியிருக்கிறார். "பாஸையே இந்த மாதிரி வாசிக்கிறவன், கிட்டார எப்படி வாசிப்பான்" என்றாராம். ரூபன் போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எதற்குச் சிரித்தோம் என்று தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

விற்றுவிட்டான்.

குழுவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆவடி கஜேந்திரன் என்பவர், லாசர் குழுவில் பாஸ் வாசிப்பவர், என் பாஸை மடியில் வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிற படம். போன் செய்தேன்.

"கோவப்படாத, ஹெப்சி. ஆளு நேரா வீட்டுக்கே வந்து நின்னுட்டாரு. மலேசியாவுக்கு இதத்தான் எடுத்துனு போவேன்னு ஒரே புடி. லாசர் அண்ணன் ஆளு. நா எப்படி இல்லன்னு சொல்றது?"

"எனக்குன்னு சொன்ன."

"சொன்னேன். இல்லன்னு சொல்லலயே. வேற ஒண்ணு வரும், இத விட நல்லதா."

"நா வாசிச்சதப் பாத்துட்டுத்தான அவர் வந்தாரு?"

"அதத்தான் நானும் சொல்றேன். நீ அவ்ளோ நல்லா வாசிச்சிட்ட. பாதி தப்பு உன்னுது!" என்று சிரித்தான்.

சிரித்தான். அதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு பொருளை எனக்கு என்று சொல்லி, என்னையே வாசிக்க வைத்து, அந்த வாசிப்பைக் காட்டி அதை இன்னொருவரிடம் விற்று, அதற்கும் என் கையையே குற்றம் சொல்லிச் சிரிக்கிறான். இதில் எந்த இடத்தில் வேடிக்கை இருக்கிறது என்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறேன். படித்த புத்தகங்களில் ஏமாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கெட்ட முகம் இருந்தது. இவனுக்கு நல்ல முகம். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 15, சனி

தண்ணீர் லாரி வரவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தில் கொண்டுவந்தோம். எனக்கு யார் மீதும் கோபம் இல்லை.

ஜூன் 20, வியாழன்

கஜேந்திரன் குழுவில் பேசிப் போட்டிருக்கிறார். கொதிக்கிற குரல். "வீடியோல அழுவுதுபா. எங்கிட்ட வந்தா இருமுது. உள்ள எதையோ கழட்டிட்டு வேற எதையோ மாட்டிக் குடுத்துட்டான் ரூபன். நாலு நாளா தூக்கம் இல்ல. மூணு காதுல வெக்கணும், சொல்லிட்டேன்."

மூணு காது என்பது அந்தக் குழுவின் பஞ்சாயத்து. விற்றதில் தகராறு வந்தால் குழுவில் சண்டை போடக் கூடாது. அனுபவசாலிகள் மூன்று பேர் முன்னால் பொருளைக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் வாங்கியவர், பிறகு விற்றவர். குறை இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் விற்றவர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேருக்கு ஆறு காது ஆயிற்றே என்று கேட்கலாம். வருடக்கணக்கில் டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஆளுக்கு ஒன்றுதான் மிச்சம்.

சாயங்காலம் ரூபன் என் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டான். டீக்கடையில் நின்றோம்.

"ஞாயித்துக்கிழம நீயும் கூட வா."

"நா எதுக்கு?"

"எனக்குக் கை நடுங்கும். நீ பக்கத்துல இருந்தா ஒரு தைரியம்."

அவன் சொன்ன இந்த வார்த்தையை எழுதி வைப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

"அத நா நல்லா வாசிக்க முடியாதுன்னு உனக்கே தெரியும்," என்றான். "நா வாசிச்சாலும் இருமத்தான் போவுது. பாஸ்ல குறைன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துருவாங்க. வந்தா நேரா உன் வீட்டுக்கு. உனக்கும் அதான வேணும்?"

"நா வாசிச்சதுன்னு சொல்லிட்டா?"

"ஐயோ, அத மட்டும் பண்ணாத. ஒன்றர வருஷமா ஊர ஏமாத்திட்டான்னு என்னைக் கிழிச்சிருவாங்க. லாசர் அண்ணன் டிக்கெட்டயே கிழிச்சிருவாரு. உன் பேரும் நாறும். உங்கம்மா காதுக்குப் போனா?"

டீ இனிப்பு அதிகம்.

ஜூன் 22, சனி

புத்தக அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். சுவர் ஓரத்தில் ஒரு இடம் கிடைத்தது, வெயில் படாத, ஈரம் ஏறாத இடம். எதற்கு என்று அம்மா கேட்டாள். காற்று வரட்டும் என்றேன்.

நாளை நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஜூன் 23, ஞாயிறு

வடபழனியில் லாசரின் ஒத்திகை அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. ஏசி சத்தம் மட்டும் போட்டது. மூணு காதுகள்: லாசர், வெள்ளை மீசை வைத்த ஒரு டிரம்ஸ்காரர், ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கிற ஒருவர். கஜேந்திரன் பாஸைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அவர் மேல் கோபம் வரவில்லை. நிஜமாகவே தூங்காத கண்கள்.

"இது யாருப்பா?" என்றார் லாசர்.

"நம்ம தங்கச்சி மாதிரிண்ணே. சர்ச்ல வாசிக்கும்," என்றான் ரூபன்.

"கீபோர்டா?"

"பாஸ்," என்றேன்.

"பாஸா! அந்த வெயிட்ட தூக்குவியாம்மா நீ?" எல்லோரும் சிரித்தார்கள். ஃபிளாஸ்க்கை என் பக்கம் தள்ளினார். "அப்படியே எல்லாருக்கும் டீ ஊத்தும்மா."

ஊற்றினேன்.

கஜேந்திரன் முதலில் வாசித்தார். விரல் ஒவ்வொரு தடவையும் கோட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. இருபது வருடப் பழக்கம். ஃப்ரெட் இருப்பதாகவே விரல் நம்பியது. எல்லாச் சுரமும் ஒரு மயிரிழை இறங்கி ஒலித்தது. அவர் சொன்னது சரி, இருமல்தான். எனக்கு உடனே தெரிந்தது. பேசாமல் இருந்தேன்.

அடுத்தது ரூபன். அவன் விரல் கோட்டுக்குப் பின்னாலும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. அந்தப் பாஸுக்கு விக்கல் எடுத்தது.

டிரம்ஸ்காரர் காதைத் தேய்த்தார். "நீதானப்பா வீடியோல வாசிச்ச?"

ரூபன் தரையைப் பார்த்தான். "அண்ணே, உண்மையச் சொல்லிடறேன்."

துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். என்னை இவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"வீடியோல கொஞ்சம் கம்ப்யூட்டர் வேல பண்ணேண்ணே. அந்த இழுப்பு, அந்த அழுவ, எல்லாம் சாஃப்ட்வேர். அந்த மாதிரி எந்த மனுசனாலயும் வாசிக்க முடியாதுண்ணே."

"அதான பாத்தேன்," என்றார் ஆம்ப்ளிஃபையர்காரர்.

லாசர் தலையில் அடித்துக்கொண்டார். "அறிவிருக்காடா? வித்த பொருள் மேல மேக்கப் போடுவியா? கஜா, குடுத்துரு அத. ரூபா, நீ எடுத்துக்க. இனிமே வீடியோல இந்த வேல வெச்சுக்காத. சின்னப் பையன், போவட்டும்."

அவ்வளவுதான். ஒரு திட்டு, பிறகு மன்னிப்பு. மலேசியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் வாசித்தாள் என்பதை விட, இயந்திரத்தை வைத்து ஏமாற்றினேன் என்பது அவன் வாய்க்குச் சுலபமாக வந்தது. கஜேந்திரன் பாஸைப் பைக்குள் வைத்தார். பாஸ் எனக்கு வந்துவிட்டது. கையிலிருந்த டீயைக் குடித்து முடிப்பது ஒன்றுதான் பாக்கி.

எந்த மனுசனாலயும் முடியாது.

"அத குடுங்க," என்றேன்.

"என்னம்மா?"

"பாஸ குடுங்க. வொயர் மாட்டுங்க."

"ஹெப்சி, வேணாம்," என்றான் ரூபன், பல்லுக்குள்.

"பாத்தும்மா, கீழ போட்டுராத," என்றார் கஜேந்திரன்.

வாங்கி மடியில் வைத்தேன். என் வரியை வாசித்தேன். முதல் சுரம் மட்டும் கோபத்தில் கொஞ்சம் தடித்து விழுந்தது. பிறகு விரல் தன் இடத்துக்குப் போய்விட்டது. ஏறினேன், நின்றேன், நடுங்கவிட்டேன், இறக்கினேன். அவசரப்படவில்லை. அறைக்குள் யாரும் இருமவில்லை. ஏசிகூட அடங்கியது மாதிரி எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாக இருக்கலாம். முடித்தபோது ஆம்ப்ளிஃபையர்காரர் எழுந்து போய், ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"வீடியோல..." என்றார் லாசர்.

"நான்."

"எல்லா வீடியோலயுமா?"

"பாஸ் எல்லாம் நான்."

கஜேந்திரன்தான் முதலில் எழுந்தார். "இன்னொரு தடவ காட்டும்மா. வெரல எங்க வெக்கிற?" காட்டினேன். கோட்டின் மேலேயே, பின்னால் இல்லை. பாஸை என் மடியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். விரலை மெதுவாக நகர்த்தி வைத்தார். ஒரு சுரம், ஒன்றே ஒன்று, அழுதது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"பொருள்ல குறை இல்லண்ணே," என்றார் லாசரிடம். "என் வெரல்லதான். இது எங்கிட்டயே இருக்கட்டும்."

வெள்ளை மீசை தலையாட்டியது. ஆம்ப்ளிஃபையர்காரரும் தலையாட்டினார். குறை இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதுதான் வழக்கம்.

"டிக்கெட் விஷயம் அப்புறம் பேசலாம்," என்று ரூபனிடம் சொன்னார் லாசர். பிறகு என்னைப் பார்த்து, முழு அன்போடு, "பரவால்லயே. ரூபன் உனக்கு நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கான்," என்றார்.

படியிறங்கி வண்டி அருகே வந்ததும் ரூபன் வெடித்தான். "அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் வாய மூடினு ஒக்காந்திருந்தா பாஸ் இப்ப உன் தோள்ல இருந்திருக்கும். எனக்கும் போச்சு, உனக்கும் போச்சு. சந்தோஷமா?"

"சாஃப்ட்வேர்னு சொன்ன."

"உன்னக் காப்பாத்தத்தான் சொன்னேன்!"

"எதுலருந்து?"

வண்டியை உதைத்துக் கிளப்பினான். "பஸ்ல போய்டுவ இல்ல?"

பஸ்ஸில் வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

அலமாரியைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. நான் செய்தது சரி என்பதில் சந்தேகம் இல்லை. சரியாக நடந்துகொண்டவர்களுக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கறுப்புச் சட்டையை ஊறப்போட்டேன். நுரை சாம்பல் நிறத்தில் வந்தது. கூரியரில் அனுப்பிவிட வேண்டும்.

ஜூன் 26, புதன்

டிரம்ஸ்காரர் அன்று போனில் எடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. இன்று காலை குழுவில் போட்டுவிட்டார். நான், முகத்தோடு, பக்கத்தில் டீ ஃபிளாஸ்க்கோடு.

எனக்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டாள். சபையில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவை பார்த்தாள். நான் சுவரோரமாக நின்றேன்.

"தலைய ஒழுங்கா வாரிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றாள். அதோடு முடிந்தது. இதற்காகவா ஒன்றரை வருடம் கழுத்துக்குக் கீழே வாழ்ந்தேன்?

குழுவில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. யார் இது. எந்த ஊர். இந்தக் கையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே. கஜேந்திரன், "எனக்கு வெரல் வெக்கச் சொல்லிக் குடுத்த பொண்ணு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ரூபன் எழுதினான்: "நம்ம ஹெப்சி. என் தங்கச்சி மாதிரி. என் ஸ்டூடண்ட்." கைகூப்பும் பொம்மை.

அலுவலகக் கழிவறையில் நின்று அதைப் படித்தேன். ஒன்றரை வருடம் என் கையை எடுத்துக்கொண்டான். இப்போது முகம் வெளியே வந்ததும் அதற்கும் ஒரு உறவைச் சூட்டித் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான். தங்கச்சியாம். அவன் அம்மா கேட்டபோது இந்தச் சொல் எங்கே போயிருந்தது? அந்த ஸ்க்ரூவுக்கு அடியிலா?

புள்ளியை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். முதல் தடவையாக அந்தக் குழுவில் எழுதினேன்.

"என் பெயர் ஹெப்சிபா. நான் யாருக்கும் தங்கச்சி மாதிரியும் இல்லை, மாணவியும் இல்லை. ரூபன் போட்ட எல்லாப் பாஸ் வீடியோக்களிலும் வாசித்தது நான். ஃப்ரெட் இல்லாத பாஸ் யாரிடமாவது விற்க இருந்தால் என்னிடம் சொல்லவும். நானே வந்து வாசித்துப் பார்த்து வாங்கிக்கொள்வேன்."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் என் பழைய பாஸை எடுத்து, அதில் அந்த வரியை வாசிக்கப் பார்த்தேன். வரவில்லை. வழுக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு ஃப்ரெட்டும் முழங்கால் தட்டுகிற மாதிரி குறுக்கே வந்தது. ஏற்றம் படி படியாக உடைந்தது. எரிச்சல் தாங்காமல் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தேன்.